டாக்டர் சவரிமுத்துவும் அகலக் கோட்டு நட்சத்திரங்களும்

நட்சத்திர வேலை பார்த்தவள் என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது, "ராத்திரியெல்லாம் தூங்கவே மாட்டீங்களாக்கா?" என்பதுதான். நன்றாகத் தூங்கினேன். முப்பது வருஷத்துக்கு மேல் காலையில் வேலைக்குப் போய், சாயங்காலம் பஸ் பிடித்து வீடு திரும்பி, மீன் கழுவிக் குழம்பு வைத்து, நேரத்தோடு படுத்தவள் நான். தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்தது என் ஆயுளில் இரண்டு மூன்று தடவை இருக்கும். அதிலும் ஒரு தடவை மேகம் மறைத்துக்கொண்டது.

எங்கோ வெளிநாட்டில் யாரோ கண்விழித்து எடுத்த நட்சத்திர நிறமாலைகள் எங்களிடம் வரும். அதாவது, ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சத்தை நீளமாகப் பிரித்துப் போட்ட பட்டை. அந்தப் பட்டையில் இருக்கும் கோடுகளைப் பார்த்து, இது இந்த வகை, அது அந்த வகை என்று பிரிப்பது எங்கள் பிரிவின் வேலை. சுவா என்ற ஊர்ப்பக்கம் ஒரு பழைய தோட்டத்தில் வெள்ளைக்காரத் தொரை குடியிருந்த பங்களாவை ஒரு கல்லூரி குத்தகைக்கு எடுத்து எங்களை உட்கார வைத்திருந்தது. சுற்றிலும் முதலில் ரப்பர் இருந்தது. பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. தொரை விருந்து வைத்த கூடத்தில்தான் அடியில் விளக்கு எரியும் எங்கள் வெளிச்ச மேசைகள் கிடந்தன.

இப்போது அந்த வேலையைக் கணினி பார்க்கிறது. நாங்கள் ஒரு வருஷம் பார்த்ததை அது மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுகிறது. பிரிவில் இருக்கும் சின்னவர்கள் தங்கள் ஆண்டு மலருக்கு என்னை எழுதச் சொன்னபோது, அந்தக் காலம் போல வருமா என்று நான் அழுது வடிப்பேன் என எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கணினி வந்த பிறகுதான் என் கழுத்து வலி போனது. நான் எழுத ஒப்புக்கொண்டது வேறு காரணத்துக்கு. எங்கள் பழைய தலைவர் டாக்டர் சவரிமுத்துவின் பட்டியலைப் பற்றி ஆளுக்கு ஒரு மாதிரி பேசுகிறார்கள். கடைசிக் காலத்தில் அவரிடம் போய் அதில் இருந்த தப்பைச் சொல்லியிருக்க வேண்டாம் என்கிறார்கள். அவர் காதுபடச் சொன்னவள் நான்தான். அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

முதலில் அவரிடம் எப்படிச் சேர்ந்தேன் என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு அதே தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். புகை போட்டு இறக்கிய ஷீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்போம். குமிழி, தூசி, பூஞ்சை, நிறம் எல்லாம் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என அடுக்குவோம். சந்தேகம் வந்தால் சுவரில் தொங்கும் மாதிரி ஷீட்டைப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு நாள் வெள்ளை அரைக்கைச் சட்டை போட்ட ஒருவர் வாசலில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களை வேலை வாங்கும் மண்டோர் நாற்காலி கொண்டுவந்து போட்டும் உட்காரவில்லை. ஏன் இதை இரண்டில் போட்டாய் என்று என்னைக் கேட்டார். மாதிரியைப் பாருங்கள், உங்களுக்கே தெரியும் என்றேன். வெடுக்கென்று சொல்லிவிட்டேன், அப்போதும் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். மறு மாதம் பங்களாவில் வேலைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

அவர்தான் டாக்டர் சவரிமுத்து. தெமியாங்கில் வளர்ந்தவர். அப்பா தோட்ட ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸராக இருந்தவர். வெளிநாட்டில் படித்து டாக்டர் பட்டம் வாங்கி வந்து இந்தப் பிரிவை ஆரம்பித்திருந்தார். மருந்து எழுதாத டாக்டர் என்று தோட்டத்தில் கேலி பேசுவார்கள். அவருக்கும் அது தெரியும்.

பயிற்சியைப் பற்றி நீட்டி எழுத எதுவும் இல்லை. ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று ஏழு எழுத்து. கொதிக்கிற நீல நட்சத்திரத்தில் ஆரம்பித்துச் சூடு குறைந்த சிவப்பு நட்சத்திரத்தில் முடியும். ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் சின்னச் சின்னப் படிகள். எங்கள் பிரிவுக்கு ஏ வகைதான் பிரதானம். வெள்ளை வெளேரென்ற நட்சத்திரங்கள். ஒரு வருஷத்தில் கண் பழகிவிட்டது.

பழகாதது டாக்டரின் முறை. அதற்கு வெகுநாள் ஆனது.

அப்போதெல்லாம் நிறமாலை கண்ணாடித் தகட்டில் வரும். எல்லாம் தலைகீழ்: வெளிச்சம் கறுப்பாகவும், கோடு வெளுப்பாகவும் இருக்கும். தகட்டை வெளிச்ச மேசையில் வைத்து, மேலே ஒரு தர நட்சத்திரம், கீழே ஒரு தர நட்சத்திரம் என்று இரண்டு தகட்டை அணைத்து வைப்போம். தர நட்சத்திரம் என்றால் இதுதான் ஏ இரண்டு, இதுதான் ஏ ஐந்து என்று முடிவாகிப்போன ஒன்று; ஸ்டோரில் தொங்கிய மாதிரி ஷீட் போல. நம் நட்சத்திரம் இரண்டுக்கும் நடுவில் எங்கே வருகிறது என்று பூதக்கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு முன் இன்னொருவர் வந்து நட்சத்திரத்தின் எண்ணைக் கறுப்பு அட்டையால் மூடிவிடுவார். எது என்று தெரிந்துவிட்டால் கண் அதற்கு ஏற்றபடி பார்க்கும் என்பார் டாக்டர். சில வாரம் கழித்து அதே தகடு, வேறு தகடுகளோடு கலந்து, மறுபடியும் மூடி வரும். இரண்டு தடவையும் ஒன்றே சொன்னால்தான் எடுத்துக்கொள்வார்.

அதைவிடக் கஷ்டமானது அவர் கேட்கும் கேள்வி. என் பக்கத்தில் வந்து நின்று, "என்ன பாத்த?" என்பார். சேர்ந்த புதிதில் நான் பெருமையாக, "ஏ மூணு டாக்டர்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான், குரல் உயராது.

"என்ன முடிவு பண்ணேன்னு கேக்கல. என்ன பாத்தேன்னு கேட்டேன்."

அதற்குப் பிறகு ஹைட்ரஜன் கோடு எவ்வளவு அகலம், கால்சியம் கோடு எவ்வளவு ஆழம், மக்னீசியம் எப்படி, இரும்பு எப்படி என்று வரிசையாக, தரத்தோடு ஒப்பிட்டு மட்டும் சொல்லப் பழகினேன். வகையை அவர் சொல்வார், அல்லது கடைசியில் என்னைச் சொல்ல விடுவார். நல்லா இருக்கு, அழகா இருக்கு என்ற வார்த்தைகளுக்கே அந்தக் கூடத்தில் இடமில்லை. வீட்டுக்கு வந்தும் அதே பழக்கம். சாம்பார் எப்படி என்று கேட்டால் உப்பு நேற்றைவிடக் கம்மி என்று சொல்லி என் மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என் அப்பா இறந்த வாரம், காரியம் முடிந்த கையோடு வேலைக்கு வந்துவிட்டேன். வீட்டில் இருக்க முடியவில்லை. அந்த வாரம் நான் பார்த்த தகடுகள் எதையும் டாக்டர் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் ஓரமாக அடுக்கி வைத்திருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது, ஏன் என்று கேட்டேன். "கண்ணு இங்க இல்லம்மா. அது தப்பில்ல. அடுத்த மாசம் பாரு" என்றார். அம்மா என்று அவர் என்னைக் கூப்பிட்டது அன்று ஒரு நாள்தான். நான் போய் கைகழுவும் இடத்தில் நின்று அழுதேன்.

இனி அந்தப் பட்டியல். ஏ வகை நட்சத்திரங்களில் சிலவற்றுக்கு ஹைட்ரஜன் கோடு சரியாக இருக்கும். ஆனால் கால்சியம், மக்னீசியம், இரும்பு என்ற உலோகக் கோடுகள் எல்லாம் இருக்க வேண்டியதைவிட மெலிந்து கிடக்கும். உலோகம் குறைந்த நட்சத்திரம் என்பார்கள். அபூர்வம். அப்படி ஒன்றைக் கண்டுபிடித்துத்தான் டாக்டர் தன் பட்டமே வாங்கினார். அதன் எண்ணின் கடைசி மூன்று இலக்கம் முந்நூற்றுப் பதினேழு. நாங்களும் அப்படித்தான் அதைச் சொல்வோம். அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் தேடி இருபதுக்கும் மேல் சேர்த்தார். உலகத்தில் எங்கே யார் அந்த மாதிரி நட்சத்திரத்தைப் பற்றி எழுதினாலும், ரப்பர் தோட்டத்து பங்களாவில் இருந்து வந்த அந்தப் பட்டியலைச் சொல்லாமல் எழுத மாட்டார்கள். அதில் எங்களுக்கெல்லாம் பெருமை உண்டு. எனக்கு நிறையவே உண்டு.

நட்சத்திரம் சுழல்கிறது என்பதையும் டாக்டர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பி.டி. கடற்கரைக்குப் போகும் சாலையில், ஓரமாக இருந்த ஒரு ஒட்டுக்கடையில் நின்று சொன்னார். ஒரு நட்சத்திரம் வேகமாகச் சுழன்றால் ஒரு பக்கம் நம்மை நோக்கி வருகிறது, மறு பக்கம் விலகிப் போகிறது. அதனால் கோடு இரண்டு பக்கமும் இழுபட்டு அகலமாகிவிடும். கடைக்காரர் ரொட்டி சானாய் மாவை வீசி விரித்துக்கொண்டிருந்தார். "பாரு, மாவு அதேதான். விரிஞ்சா மெல்லிசாயிடும். மாவு கொறஞ்சிருச்சுன்னு சொல்ல முடியுமா?" என்றார் டாக்டர். நட்சத்திரத்தின் உச்சந்தலை நம்மைப் பார்த்து இருந்தால், அது பம்பரமாகச் சுழன்றாலும் கோடு குறுகலாகவே தெரியும், நமக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொன்னார். அகலக் கோடு உள்ள நட்சத்திரத்துக்கு வகைக்குப் பின்னால் 'என்' என்ற ஆங்கில எழுத்தைப் போடுவோம்.

இவ்வளவும் அவருக்குத் தெரியும். எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் எங்கள் தரப் பெட்டியில் இருந்த தகடுகள் எல்லாமே கூர்மையான, சுத்தமான கோடு உள்ளவை. மெதுவாகச் சுழல்பவை, அல்லது சுழற்சி தெரியாதவை. மாதிரி என்றால் குறை இல்லாமல் இருக்க வேண்டும் என்பது எங்கள் எல்லாருடைய இரத்தத்திலும் ஊறியிருந்தது. ஸ்டோரில் யாராவது மங்கிய ஷீட்டை மாதிரியாகத் தொங்க விடுவார்களா? அகலக் கோட்டுத் தகடுகள் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும். கண்ணீர் வழியப் பார்த்தது போல. அவை கீழ் டிராயரில் கிடந்தன. அவற்றைத் தரமாக வைத்து ஒப்பிடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. விரித்த மாவின் பக்கத்தில் உருட்டிய மாவை வைத்துப் பார்த்துவிட்டு, இதில் மாவு குறைவு என்று நாங்கள் இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இது எங்களுக்குத் தெரிந்தது டாக்டர் ஓய்வு பெற்று, உடம்பு விழுந்த பிறகு.

இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, அவருக்கு முன்பே இருந்தது. அது முதலில் சிறுநீரகத்தை எடுத்தது, பிறகு கண்ணை எடுத்தது. வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. மற்ற நாளில் அம்பாங்கான் வீட்டில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எதிரே ஆள் நிற்பது தெரியும், யார் என்று குரலில்தான் தெரியும். அவருக்குப் பிறகு பொறுப்புக்கு வந்த டாக்டர் ஃபாரிட் நல்ல மனுஷன். பெரியவர் இருக்கும்போதே அவருடைய முழுப் பட்டியலையும் திருத்தி ஒரே தொகுப்பாக அவர் பெயரில் வெளியிட ஏற்பாடு செய்தார். டாக்டர் வாராவாரம் போன் போட்டு, எங்கே வரைக்கும் வந்திருக்கு என்று என்னைக் கேட்பார். அந்தத் தொகுப்பைக் கையில் வாங்கிவிட்டுப் போக வேண்டும் என்று இருந்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் மனைவி ஸ்டெல்லா டீச்சர் என்னிடம் சொன்னார்.

அச்சுக்குப் போகும் நேரத்தில் வெளிநாட்டில் இருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நட்சத்திரங்களின் சுழற்சி வேகத்தைக் கணினியில் அளக்கும் சிலர் எழுதியிருந்தார்கள். உங்கள் பட்டியலில் இருப்பவற்றில் பல வேகமாகச் சுழல்பவையாகத் தெரிகின்றன, ஒருவேளை அவற்றில் உலோகம் குறைவே இல்லையோ என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். டாக்டர் ஃபாரிட் அதை என்னிடம் காட்டினார். கண்ணால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் கக்கா என்றார். அவர் பாஷையில் அக்காவைக் கக்கா என்பார்கள்.

கீழ் டிராயரில் கிடந்த அகலக் கோட்டு நட்சத்திரங்களின் புதிய நிறமாலைகளை வரவழைத்து அவற்றையே தரமாக வைத்துக்கொண்டேன். அப்போது தகடு இல்லை. வெளிச்சத்தை மேடும் பள்ளமுமாக வரைந்த காகிதம்தான். பட்டியலில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பள்ளம் ஆழம் குறைவு, ஆனால் அகலம் அதிகம். வேகமாகச் சுழலும் தரத்தின் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டன. ஒன்று போனது, இரண்டு போனது, கால்வாசி போனது, பாதி போனது. முந்நூற்றுப் பதினேழை நான் எடுக்காமல் தள்ளித் தள்ளி வைத்தேன். கடைசியில் அதையும் எடுத்தேன். அதுவும் போனது.

தொகுப்பை நிறுத்திவைப்போம், பெரியவருக்கு ஏதாவது காரணம் சொல்லுவோம், அவர் காலத்துக்குப் பிறகு சரியானதை வெளியிடுவோம் என்றார் டாக்டர் ஃபாரிட். இரக்கத்தில்தான் சொன்னார். நான் சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்த வாரமும் டாக்டர் போன் போட்டார். எங்கே வரைக்கும் வந்திருக்கு சரசு என்றார். நேரில் வருகிறேன் டாக்டர் என்று வைத்துவிட்டேன். முப்பது வருஷம் என்ன பார்த்தாய் என்று மட்டுமே கேட்ட மனுஷனிடம், பார்த்ததை மறைத்துவிட்டு நான் எந்த முகத்தோடு பேசுவது? டாக்டர் ஃபாரிட்டிடம் போய், நான் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் தடுக்கவில்லை. என்னால் முடியாது, உங்களால் முடிந்தால் சொல்லுங்கள் என்றார்.

மறுநாள் அம்பாங்கானுக்குப் போனேன். டீச்சர் வழக்கம் போலப் பசியாறிட்டியா என்று கேட்டு, மைலோ கலக்கிக் கொடுத்தார். டாக்டர் எதிரில் உட்கார்ந்தேன். பட்டியலில் சிலவற்றில் சந்தேகம் வந்திருக்கிறது, வேகமாகச் சுழல்வதைத் தரமாக வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது என்றேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

டாக்டர் கையைக் கண்ணாடிக்குக் கொண்டுபோனார். அவர் இப்போது கண்ணாடி போடுவதில்லை. கை வெறும் முகத்தைத் தடவிவிட்டு இறங்கியது.

"எதெதுன்னு சொல்லாத," என்றார். "சாதாரணமா இருக்கறதையும் கலந்துக்க. பேரு சொல்லாம ஒண்ணொண்ணா படி. நான் சொல்றேன்."

எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. பையில் இருந்த காகிதங்களைக் கலைத்து அடுக்கினேன். டீச்சர் வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றார். முதல் இரண்டும் சாதாரண நட்சத்திரங்கள். நான் சொன்னதைக் கேட்டு டாக்டர் இரண்டையும் சரியாகச் சொன்னார். மூன்றாவதாக வந்தது முந்நூற்றுப் பதினேழு.

ஹைட்ரஜனைக் கேட்டார். ஏ இரண்டுக்கும் ஏ ஐந்துக்கும் நடுவில், கொஞ்சம் ஏ இரண்டுக்குக் கிட்ட என்றேன். கால்சியத்தைக் கேட்டார். ஆழம் கம்மி, அகலம் ஜாஸ்தி என்றேன்.

"எதோட வச்சுச் சொல்ற?"

"கூர்மையான தரத்தோட வச்சா, டாக்டர்."

"வேகமா சுத்தற தரத்தோட?"

"ஒண்ணாதான் இருக்கு."

"மக்னீசியம்?"

அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நிறமாலை தெரியாது, ஆனால் புருஷன் முகமும் என் முகமும் தெரியும். என் கையில் இருந்தது எது என்று அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். தலையை வேண்டாம் என்பது போல மெல்ல அசைத்தார். மக்னீசியம் அந்தத் தரத்தைவிடவும் மெலிசு டாக்டர் என்று நான் சொன்னால் போதும். காகிதத்தை அவரால் பார்க்க முடியாது. முந்நூற்றுப் பதினேழு அவருடையதாகவே இருக்கும். அவர் எத்தனை நாள் இருக்கப் போகிறாரோ, அத்தனை நாளும் இருக்கும். எனக்கு அவர்மேல் பாசம் இல்லையா? என் அப்பாவுக்குப் பிறகு நான் பயந்ததும் மதித்ததும் இந்த ஒருவரைத்தான். ஆனால் அவர் பார்க்க முடியாமல் என் கண்ணை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் நான் மண்ணைத் தூவ முடியாது.

"அதுவும் ஒண்ணாதான் இருக்கு டாக்டர்," என்றேன்.

"அப்புறம் என்னலா சந்தேகம்? சாதாரண நட்சத்திரம். ஏ மூணு. 'என்' போட்டுக்க. அடுத்தது."

நான் அடுத்ததை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. வெளியே ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு போனார். டாக்டர் தலையைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.

"எது அது?"

சொன்னேன்.

அவர் பிரம்பு நாற்காலியின் கைப்பிடியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். முகம் அழுகிற மாதிரியும் இல்லை, கோபம் மாதிரியும் இல்லை. ஏதோ ஒரு தகட்டைப் பார்ப்பது போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார். பிறகு, அடுத்ததைப் படி என்றார். அன்றைக்கு எத்தனை முடிந்ததோ எனக்கு ஞாபகம் இல்லை. என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

புறப்படும்போது டீச்சர் வாசல் கேட் வரைக்கும் வந்தார். எப்போதும் வருவார், ஒரு பையில் முருங்கைக்கீரையோ பப்பாளியோ தருவார். அன்றைக்குக் கை வெறுமனே இருந்தது.

"இன்னும் எத்தன நாளு இருப்பாருன்னு நெனச்ச நீ? விட்டுருக்கலாம்லா சரசு."

பஸ் நிறுத்தம் வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். வழியில் யாரோ என்னக்கா என்று கேட்டார்கள், பல் வலி என்றேன்.

டாக்டர் நிறுத்தவில்லை. சுத்திகரிப்பு இல்லாத நாட்களில் என்னை வரச் சொல்லிப் பட்டியல் முழுவதையும் காதால் கேட்டார். டாக்டர் ஃபாரிட் வந்து, இவ்வளவு சிரமம் வேண்டாம் என்று கெஞ்சினார். என் பெயரில் போகிற தப்பை நானே எடுக்காமல் யார் எடுப்பது என்று பெரியவர் அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னாராம். டீச்சர் எனக்குக் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவார். மேசையில் தேத்தண்ணி இருக்கும்; அவர் முகம் இருக்காது. அதற்காக நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் புருஷன் அப்படி உட்கார்ந்திருந்து, ஒருத்தி வந்து வாரத்துக்கு வாரம் அவர் சேர்த்ததை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போனால், நான் தேத்தண்ணிகூட வைத்திருக்க மாட்டேன்.

ஒவ்வொன்றாகப் போயிற்று. சில நாளில் அவருக்கு மூச்சு வாங்கும். காலைத் தூக்கி முக்காலியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தூங்கிவிட்டாரோ என்று நான் நிறுத்தினால், மக்னீசியம் என்னாச்சு என்பார்.

கடைசிக்கு வரும்போது மூன்று நின்றன. அந்த மூன்றும் மெதுவாகச் சுழலும் தரத்தோடு வைத்தாலும், வேகமாகச் சுழலும் தரத்தோடு வைத்தாலும், உலோகக் கோடுகள் மெலிந்தே இருந்தன. அகலமாகவும் இல்லை, ஆழமாகவும் இல்லை. முதலாவதை நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. மறுபடி படி என்றார். படித்தேன். இந்த வேகத்துக்குச் சரியான தரத்தோடுதான் வைத்தாயா என்றார். ஆமாம் என்றேன். போய் இன்னொன்றோடு வைத்துப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார். சுவாவுக்குத் திரும்பிப் போய் வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் அம்பாங்கான் வந்து, அப்படியேதான் இருக்கு என்றேன். மூன்றுக்கும் இதே பாடு. போனவற்றை ஒரே தடவையில் விட்டவர், நின்றவற்றை விடாமல் குடைந்தார். எனக்கு ஒரு கட்டத்தில் எரிச்சல்கூட வந்தது; இருக்கிறது என்று சொன்னால் எடுத்துக்கொள்ளுங்களேன் டாக்டர் என்று கத்தலாமா என்று இருந்தது. மூன்றாவதும் நின்றுவிட்டது என்று உறுதியான அன்று அவர் சிரித்தார். மெலிந்த முகத்தில் பல் மட்டும் தெரிந்தது.

தொகுப்புக்குப் பதிலாக வெளியிட ஒரு திருத்தத்தை அவரே சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். மிகச் சின்னது. சுழற்சியால் அகன்ற கோடுகளை, கூர்மையான கோடுகளோடு ஒப்பிட்டதால் இந்த நட்சத்திரங்களை உலோகம் குறைந்தவை என்று தவறாக வகைப்படுத்தினேன் என்று இருந்தது. வகைப்படுத்தினோம் என்று போடட்டுமா டாக்டர், நாங்களும்தானே பார்த்தோம் என்று கேட்டேன். தரப் பெட்டியில் தகடு எடுத்து வைத்தது யார் என்று கேட்டுவிட்டு, எழுதியபடியே விடச் சொன்னார். அடியில் நிலைக்கும் மூன்று நட்சத்திரங்களின் எண்கள். அவ்வளவுதான்.

அது அச்சாகி வருவதற்குள் அவர் போய்விட்டார். சுத்திகரிப்பு முடிந்து வந்த ஒரு மத்தியானம், சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்கு நான் போயிருந்தேன், தூரத்தில் நின்றேன். டீச்சர் என்னைப் பார்த்தார், கூப்பிடவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு டீச்சரே போன் போட்டு வரச் சொன்னார். மாதா கோயிலில் பூசை முடிந்து எல்லாரும் வீட்டில் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார்கள். நானும் எழுந்தேன். உட்காரு என்றார். டாக்டரின் பிரம்பு நாற்காலி சுவர் ஓரம் தள்ளியிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தார். அச்சான திருத்தத்தை டாக்டர் ஃபாரிட் கொண்டுவந்து கொடுத்திருந்தார் போலிருக்கிறது. மடித்து மடியில் வைத்திருந்தார். டீச்சர் வகுப்பில் கேள்வி கேட்பவர் போல நேராகப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. இந்த மூணு இருக்கே. அவரு மனசு ஒடஞ்சிரக் கூடாதுன்னு நீ விட்டு வச்சதா?"

"இல்ல டீச்சர். மூணும் அவரு கண்டுபுடிச்சதுதான்."

அவர் என் முகத்தில் எதையோ தேடினார்.

"அன்னைக்கு நான் வேணாம்னு தலைய ஆட்டியும் நீ சொன்ன," என்றார். "அதனால நம்பறேன்."

அந்தக் காகிதத்தை விரித்து, மூன்று எண்களையும் என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அவரும் என்னோடு சேர்ந்து மெதுவாகச் சொன்னார். மூன்றாவது எண் பாதியில் அவருக்குக் குரல் உடைந்தது. புருஷன் செத்த அன்றும் அடக்கத்திலும் அழாத மனுஷி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.